பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டில் படிக்கவைப்பது (தமிழ்நாடு): சட்டம், டி.சி., பொதுத்தேர்வு விவரம் தேவை

பொருநைவாசி (கேள்வி):

வணக்கம். திருநெல்வேலி மாவட்டம். மகளுக்கு 11 வயது முடிந்துவிட்டது, தனியார் மெட்ரிக் பள்ளியில் ஆறாம் வகுப்பு. மகனுக்கு 7 வயது, அதே பள்ளியில் இரண்டாம் வகுப்பு. அவன் 25 சதவீத இலவச ஒதுக்கீட்டில் எல்.கே.ஜி. சேர்ந்தவன். இந்தக் கல்வியாண்டு முடிந்ததும் இருவரையும் நிறுத்தி வீட்டிலேயே படிக்கவைக்கலாம் என்று இருக்கிறோம். கல்வி உரிமைச் சட்டப்படி இது குற்றமா? யாரிடமாவது அனுமதி வாங்க வேண்டுமா? டி.சி. வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டால் அதிகாரிகள் வருவார்களா? பத்தாம் வகுப்பை எந்த வழியில் எழுதவைப்பது? விவரம் தெரிந்தவர்கள் பொறுமையாகச் சொன்னால் நன்றாக இருக்கும்.

நூல்முனை:

முதலில் சட்டத்தை மட்டும் பார்ப்போம். இதில் பாதி உண்மைகள்தான் நிறைய உலவுகின்றன.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 1.4.2010 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரைதான் அதன் எல்லை. பிரிவு 10 பெற்றோருக்கானது: பிள்ளையை அருகமைப் பள்ளியில் தொடக்கக் கல்விக்குச் சேர்ப்பது ஒவ்வொரு பெற்றோர், பாதுகாவலரின் கடமை. வாசகம் தெளிவானது, வீட்டுவழிக் கல்விக்கு அதில் விலக்கு கிடையாது. ஆனால் அந்தக் கடமையைச் செய்யாத பெற்றோருக்கு அபராதமோ சிறையோ சட்டத்தில் எங்கும் எழுதப்படவில்லை. அபராதமெல்லாம் அங்கீகாரமின்றிப் பள்ளி நடத்துபவர்களுக்கும், நன்கொடை வாங்கும் பள்ளிகளுக்கும்தான். ஆக, "சட்டம் அனுமதிக்கிறது" என்பதும் தவறு, "செய்தால் வழக்கு பாயும்" என்பதும் தவறு. கடமை உண்டு, தண்டனை இல்லை.

அரசின் நிலைப்பாட்டை நம்பி யாரும் முடிவெடுக்க வேண்டாம். 2012-இல் டெல்லி உயர்நீதிமன்றத்தில் ஒன்றிய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம், விரும்பி வீட்டில் படிக்கவைப்பவர்களைச் சட்டம் தடுக்கவில்லை என்று பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது. அந்தப் பத்தியை இன்றும் படமாகப் பகிர்கிறார்கள். அந்த நிலைப்பாட்டை அமைச்சகமே பிறகு மாற்றிக்கொண்டது என்பதைப் பகிர்பவர்கள் சொல்வதில்லை. அந்தக் காகிதத்தை எந்த அதிகாரியிடமும் நீட்டாதீர்கள். விவரமுள்ளவராக இருந்தால் அதற்குப் பிறகு உங்கள் வாயால் எதைச் சொன்னாலும் நம்பமாட்டார்.

இதனால் அனுமதிக் கேள்விக்கும் பதில் கிடைத்துவிடுகிறது. அனுமதி தரும் அதிகாரம் வட்டாரக் கல்வி அலுவலருக்கோ மாவட்டக் கல்வி அலுவலருக்கோ முதன்மைக் கல்வி அலுவலருக்கோ இல்லை. இல்லாத அதிகாரத்தைக் கேட்டு "அனுமதி கோரி" என்று மனு கொடுத்தால், பிரிவு 10-ஐ மேற்கோள் காட்டி மறுப்பதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி கிடையாது. அந்த மறுப்பு எழுத்தில் உங்கள் பெயரில் பதிவாகிவிடும். அவர்களாகக் கேட்காதவரை எதையும் எழுதிக் கொடுக்காதீர்கள். கேட்டால் ஒளிக்காமல் எழுத்திலேயே பதில் கொடுங்கள்.

உங்கள் மகளுக்கு இந்தத் தெளிவற்ற காலம் சுமார் மூன்று ஆண்டு, மகனுக்கு ஏழு ஆண்டு. ஒரே முடிவை இருவருக்கும் எடுப்பது சரிதானா என்று யோசியுங்கள்.

வைகைக்கரை:

நூல்முனை சொன்னதை வழிமொழிகிறேன். நடைமுறையில் சிக்கல் வருவது சட்டத்தால் அல்ல, பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவான எமிஸால்.

ஒவ்வொரு மாணவருக்கும் எமிஸ் எண் இருக்கிறது. டி.சி. கொடுத்ததும் பிள்ளையின் பதிவு அந்தப் பள்ளியிலிருந்து விடுபட்டு "காமன் பூல்" எனப்படும் பொதுத் தொகுப்புக்குப் போகும். இன்னொரு பள்ளி அங்கிருந்து எடுத்துக்கொண்டால் கதை முடிந்தது. யாரும் எடுக்காத பெயர்களின் பட்டியல் வட்டார வள மையத்துக்குப் போகும். ஆசிரியப் பயிற்றுநர்கள் தொலைபேசியில் அழைப்பார்கள், பிறகு வீட்டுக்கு வருவார்கள். பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பும் தனியாக நடக்கும். சட்டத்தின் பிரிவு 9 தன் எல்லைக்குள் உள்ள 14 வயது வரையிலான பிள்ளைகளின் பதிவேட்டை வைத்திருக்கும்படி உள்ளாட்சியைப் பணிக்கிறது. வருகிறவர் தன் வேலையைச் செய்கிறார். பெரும்பாலும் அவருக்கு வேண்டியது இரண்டே விஷயம்: பிள்ளை வேலைக்குப் போகவில்லை, பெண் பிள்ளையாக இருந்தால் திருமண ஏற்பாடு எதுவும் இல்லை. இந்த இரண்டும் கண்ணுக்குத் தெரிந்தால் பேச்சு சுமுகமாகப் போகும். கோபப்பட்டுக் கதவைச் சாத்தினால் அடுத்து வருவது குழந்தைகள் நலக் குழுவாகவோ குழந்தைகள் உதவி எண்ணான 1098-இல் யாரோ கொடுத்த புகாராகவோ இருக்கும்.

பலர் சறுக்கும் இடம், டி.சி. வாங்காமல் நிறுத்திவிடுவது. பள்ளிப் பதிவில் பிள்ளை "நீண்ட நாள் வராதவர்", பிறகு "இடைநின்றவர்" ஆகிவிடும். கட்டண பாக்கியும் ஏறிக்கொண்டே போகும். ஆண்டு இறுதித் தேர்வு முடிந்து, தேர்ச்சி பதிவான பிறகு எழுத்தில் விண்ணப்பித்து டி.சி. வாங்குங்கள். தொடக்க வகுப்புகளில் டி.சி.க்குப் பதிலாகப் பதிவுத்தாள் தரும் வழக்கமும் உண்டு, மகனுக்கு அது போதும். காரணம் கேட்டால் "பெற்றோர் விருப்பம்" என்றால் போதும். வேறு ஊர், வேறு பள்ளி என்று பொய்க் காரணம் எழுதாதீர்கள். பின்னாளில் அதுதான் உங்களுக்கு எதிரான காகிதம். கட்டண பாக்கிக்காக டி.சி.யைப் பிடித்துவைப்பதும், பாக்கி இருப்பதாக டி.சி.யில் எழுதுவதும் கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2024 ஜூலையில் சொல்லியிருக்கிறது.

டி.சி.யைக் கையில் வாங்கியதும் மூன்றைச் சரிபாருங்கள்: பிறந்த தேதி பிறப்புச் சான்றிதழோடு ஒத்திருக்கிறதா, பெயரும் இனிஷியலும் ஆதாரில் உள்ளபடி இருக்கிறதா, எமிஸ் எண் எழுதப்பட்டிருக்கிறதா. பெயர் திருத்தத்தை அந்தப் பள்ளியிலேயே அப்போதே முடிப்பது சுலபம். நாலு வருடம் கழித்து அதே திருத்தத்துக்கு அலுவலகம் அலுவலகமாக ஏற வேண்டியிருக்கும்.

வீட்டில் ஒரு கோப்பு வையுங்கள். பிறப்புச் சான்றிதழ், ஆதார், டி.சி., கடைசி மதிப்பெண் பட்டியல், தடுப்பூசி அட்டை, வாங்கிய பாடநூல்களின் ரசீது, மாதத்துக்கு ஒருமுறை தேதி போட்டுச் சேர்த்த பிள்ளையின் எழுத்து, கணக்கு, படம். அரசுப் பாடநூலின் எந்தப் பாடம் எந்த மாதம் முடிந்தது என்று ஒரு பக்கக் குறிப்பு. வருகிறவரிடம் இதைக் காட்டினால் பத்து நிமிடத்தில் பேச்சு முடியும்.

தடுப்பூசி என்றதும் ஞாபகம் வருகிறது: 10 வயதிலும் 16 வயதிலும் போடும் டி.டி. ஊசி, குடற்புழு நீக்க மாத்திரை இவையெல்லாம் பள்ளியிலேயே கிடைப்பவை. இனி நீங்களே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போக வேண்டும்.

தேர்வுத்தாள்:

தேர்வு வழியைப் பற்றி நான் எழுதுகிறேன். பத்தாம் வகுப்பு எந்த வாரியத்தில் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி வர வேண்டும். "அப்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டவர்கள்தான் 15 வயதில் திண்டாடுகிறார்கள்.

வழி ஒன்று: தமிழ்நாடு அரசுத் தேர்வுகள் இயக்ககம். எட்டாம் வகுப்புக்குத் தனித்தேர்வர் தேர்வு உண்டு, 12½ வயது நிறைந்திருந்தால் எழுதலாம். தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் என ஐந்து பாடம். முதல்முறை விண்ணப்பிப்பவர் டி.சி., பதிவுத்தாள், பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றில் ஒன்றின் நகலை இணைக்க வேண்டும். பிறகு 14½ வயது நிறைந்ததும் எட்டாம் வகுப்புத் தேர்ச்சியை வைத்துப் பத்தாம் வகுப்பை நேரடித் தனித்தேர்வராக எழுதலாம். இரண்டுக்குமே வீட்டிலிருந்து விண்ணப்பிக்க முடியாது. மாவட்டத்தில் அறிவிக்கப்பட்ட அரசுத் தேர்வுகள் சேவை மையத்துக்கு நேரில் போய்த்தான் பதிய வேண்டும். அறிவிப்பு வந்து சில நாட்களே அவகாசம் இருக்கும் என்பதால் இயக்ககத்தின் dge தளத்தை அடிக்கடி பாருங்கள்.

பத்தாம் வகுப்பில் பலர் ஒரு வருடத்தை இழப்பது அறிவியல் செய்முறையால். எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. செய்முறைப் பயிற்சி வகுப்புக்குக் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே மாவட்டக் கல்வி அலுவலகம் வழியாகப் பெயர் பதிய வேண்டும். ஒதுக்கிய பள்ளியில் 80 சதவீத வருகை இருந்தால்தான் செய்முறைத் தேர்வுக்கு விடுவார்கள். எழுத்துத் தேர்வு அறிவிப்பு வரும்வரை காத்திருந்தவர்களுக்கு அதற்குள் இந்தக் கதவு மூடியிருக்கும். முதல் மொழிப்பாடம் தமிழ் மட்டுமே; வேறு மொழியை எடுக்க முடியாது.

வழி இரண்டு: என்.ஐ.ஓ.எஸ்., அதாவது தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம். பத்தாம் வகுப்புக்குக் குறைந்தபட்ச வயது 14, பன்னிரண்டாம் வகுப்புக்கு 15. பத்தாம் வகுப்பில் சேர டி.சி. கட்டாயமில்லை, எட்டாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாவிட்டால், படிக்கும் திறன் இருக்கிறது என்ற உறுதிமொழியே போதும். ஐந்து பாடம், அதில் குறைந்தது ஒன்று மொழி. கூடுதலாக இரண்டு எடுத்துக்கொள்ளலாம். தேர்ச்சிக்கு 33 சதவீதம். செய்முறை உள்ள பாடங்களில் எழுத்திலும் செய்முறையிலும் தனித்தனியாகத் தேற வேண்டும். ஒருமுறை சேர்ந்தால் ஐந்து ஆண்டு செல்லும், அதற்குள் ஒன்பது முறை எழுதலாம். பாடங்களைப் பிரித்து எழுதலாம் என்பதுதான் இதன் பெரிய பலம்.

சேர்க்கை வழக்கமாக மார்ச் 16 முதல் ஜூலை 31 வரை. அவர்களுக்குத் தேர்வு அடுத்த ஆண்டு ஏப்ரல்-மே. இரண்டாவது சேர்க்கை செப்டம்பர் 16 முதல் ஜனவரி 31 வரை, தேர்வு அக்டோபர்-நவம்பரில். தமிழ்வழியும் உண்டு. டி.எம்.ஏ. எனப்படும் ஒப்படைப்புக்கு 20 சதவீதம் இருக்கிறது. அதை உரிய தேதிக்குள் கொடுக்காமல் விட்டுவிட்டு, பிறகு மதிப்பெண் குறைந்தது ஏன் என்று கேட்பவர்கள் அதிகம்.

14 வயதுக்குக் கீழே என்.ஐ.ஓ.எஸ்.-இல் அடிப்படைக் கல்வித் திட்டம் இருக்கிறது: ஏ நிலை மூன்றாம் வகுப்புக்கும், பி ஐந்துக்கும், சி எட்டுக்கும் இணை. அங்கீகரிக்கப்பட்ட முகமைகள் வழியாகத்தான் சேர முடியும். உங்கள் மகனை இதில் பதிவு செய்துவைத்தால் "எங்கே படிக்கிறான்" என்ற கேள்விக்குக் காட்ட ஒரு சேர்க்கை எண் இருக்கும். சட்டப் பிரச்சினைக்கு இது முழுத் தீர்வு ஆகாது, ஆனாலும் வெறுங்கையோடு நிற்பதைவிட எவ்வளவோ மேல்.

நம் ஊர்ப் பெயர்களால் வரும் தொல்லையையும் சொல்லிவிடுகிறேன். ஆதாரில் இனிஷியல் முன்னால், பிறப்புச் சான்றிதழில் இனிஷியலே இல்லை, டி.சி.யில் பின்னால் என்று மூன்று விதமாக இருக்கும். எந்த வடிவத்தில் பதிகிறீர்களோ அதுதான் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் வரும், பிறகு பாஸ்போர்ட் வரை அதுவே தொடரும். பதிவதற்கு முன் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள்.

சி.பி.எஸ்.இ.யில் தமிழ்நாட்டிலிருந்து புதிதாக ஒருவர் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுத வழியில்லை. கேம்பிரிட்ஜ் ஐ.ஜி.சி.எஸ்.இ. எழுதலாம், ஆனால் தனித்தேர்வரை ஏற்கும் மையத்தை முதலில் உறுதிசெய்துகொண்டு பாடத்தைத் தொடங்குங்கள். கட்டணமும் பலமடங்கு.

பொருநைவாசி:

மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். என்.ஐ.ஓ.எஸ். முடித்தால் பொறியியல், மருத்துவம் எல்லாம் போக முடியுமா? இன்னொன்று, எங்கள் தெருவில் இன்னும் நாலு குடும்பம் இதே யோசனையில் இருக்கிறது. எல்லாப் பிள்ளைகளையும் ஒரு வீட்டில் சேர்த்து, ஒரு ஆசிரியரை வைத்து நடத்தலாமா?

கரிசல்மழை:

நுழைவுத் தகுதி பற்றிக் கவலை வேண்டாம். ஜே.இ.இ.க்கு ஐந்து பாடங்களோடு என்.ஐ.ஓ.எஸ். மேல்நிலை முடித்தவர் தகுதியானவர். நீட் விஷயத்தில் பல ஆண்டு வழக்கு நடந்து, 2024-இல் உச்ச நீதிமன்றம் வரை போய்த் திறந்தநிலைப் பள்ளி மாணவர்களும் எழுதலாம் என்று தெளிவாகிவிட்டது. கவனிக்க வேண்டியது இடைவெளி: பத்தாம் வகுப்பு தேறி இரண்டு ஆண்டு ஆன பிறகுதான் மேல்நிலைச் சான்றிதழ் கிடைக்கும்.

இழப்புக் கணக்கையும் யாராவது உங்களிடம் சொல்ல வேண்டும். இந்த இழையில் அது இன்னும் வரவில்லை.

மகனின் 25 சதவீத இடம்: டி.சி. வாங்கிய நிமிடமே போய்விடும். அந்த ஒதுக்கீடு நுழைவு வகுப்புக்கு மட்டுமே, திரும்பி வந்தால் முழுக் கட்டணம். மருத்துவத்தில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. 25 சதவீத ஒதுக்கீட்டில் எட்டு வரை தனியார் பள்ளியில் படித்துவிட்டு, பிறகு அரசுப் பள்ளியில் முடிப்பவர்களும் அதற்குள் வருவார்கள். அதாவது உங்கள் மகன் இன்று அந்த வாய்ப்புக்குள் இருக்கிறான். நிறுத்தினால் வெளியே. உயர்கல்வியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களுக்கும் ஆறாம் வகுப்பு முதல் பள்ளிப் படிப்பைப் பார்ப்பார்கள்.

அரசு வேலையில் தமிழ்வழியில் படித்தோருக்கு 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. 2020 திருத்தத்துக்குப் பிறகு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழியில் படித்ததற்குப் பள்ளியின் சான்று வேண்டும். வீட்டில் முழுக்கத் தமிழில் படித்தாலும் அதற்குச் சான்று தர ஆளில்லை. மெட்ரிக்கில் ஆங்கிலவழி என்றால் உங்களுக்கு இது ஏற்கெனவே பொருந்தாது, இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

மருத்துவக் கலந்தாய்வில் 6 முதல் 12 வரை தமிழ்நாட்டில் படித்ததற்குச் சான்று கேட்பார்கள். இல்லாதவர் இருப்பிடச் சான்றிதழும் பெற்றோரின் ஆவணங்களும் தர வேண்டும். சாதிச் சான்றிதழுக்கும் இ-சேவையில் டி.சி. கேட்பது வழக்கம். டி.சி. இருக்கும்போதே, இந்த ஆண்டே, இருவருக்கும் சாதிச் சான்றிதழையும் இருப்பிடச் சான்றிதழையும் எடுத்துவிடுங்கள்.

என் கருத்தைக் கேட்டால், மகளை நிறுத்துவதில் இழப்பு குறைவு, மகனை இப்போது நிறுத்துவதில் இழப்பு அதிகம்.

நூல்முனை:

ஐந்து குடும்பம் சேர்ந்து ஆசிரியர் வைக்கும் யோசனையை இப்போதே நிறுத்துங்கள். உங்கள் பிள்ளைக்கு நீங்கள் சொல்லிக்கொடுப்பது வேறு. பல வீட்டுப் பிள்ளைகள் பள்ளி நேரத்தில் தினமும் ஒரே இடத்தில் கூடி, கட்டணம் வாங்கிப் பாடம் நடந்தால் அது அங்கீகாரமில்லாத பள்ளி என்று கருதப்பட இடமிருக்கிறது. பிரிவு 18-இன்படி அபராதம் ஒரு லட்சம் ரூபாய் வரை, தொடர்ந்து நடத்தினால் நாளொன்றுக்கு 10,000. பெற்றோருக்குத் தண்டனை இல்லை என்று மேலே சொன்னேன் அல்லவா, அந்தப் பாதுகாப்பு நடத்துபவருக்குக் கிடையாது. சீருடை, பெயர்ப்பலகை, "அகாடமி" என்ற பெயர், வருகைப்பதிவேடு இவை எல்லாம் சேரச் சேர ஆபத்து கூடும். மாலையில் தனிப்பயிற்சி, வாரக் கடைசியில் அறிவியல் சோதனை, விளையாட்டு என்று கூடுவதில் சிக்கலில்லை.

இன்னொரு எச்சரிக்கை. குடும்பத்துக்குக் கடை, பட்டறை இருந்தால் பகல் பதினொரு மணிக்குப் பிள்ளையைக் கல்லாவில் உட்காரவைக்காதீர்கள். 2016 திருத்தத்துக்குப் பிறகு குழந்தைத் தொழிலாளர் சட்டம் குடும்பத் தொழிலில் உதவ அனுமதிப்பது பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் மட்டுமே, அதுவும் அபாயமில்லாத வேலையில். "வீட்டில் படிக்கிறான்" என்பதைத் தொழிலாளர் துறை ஆய்வாளர் அந்த இடத்தில் ஏற்கமாட்டார்.

தாயும் தந்தையும் பிரிந்திருக்கும் குடும்பம் என்றால், இருவரின் எழுத்து ஒப்புதல் இல்லாமல் இறங்கவே வேண்டாம். பொறுப்புரிமை வழக்கில் "பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார்" என்பது முதல் குற்றச்சாட்டாக வரும்.

செம்மண்_சாலை:

இடையில் ஒரு கேள்வி. என் தங்கை மகனுக்குக் கடுமையான மூளை முடக்குவாதம், 9 வயது. அவனுக்கும் இதே சிக்கல்கள்தானா?

வைகைக்கரை:

இல்லை, அவனுக்குச் சட்டமே வழி விட்டிருக்கிறது. 2012 திருத்தத்தில் பிரிவு 3-இல் சேர்த்த வாசகப்படி, பல்வகைக் குறைபாடும் கடுமையான குறைபாடும் உள்ள பிள்ளைகளுக்கு வீட்டுவழிக் கல்வியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு. இந்தச் சட்டத்தில் வீட்டுவழிக் கல்வி உரிமையாகச் சொல்லப்பட்ட இடம் அதுதான்.

அவனைப் பள்ளியிலிருந்து நிறுத்தக் கூடாது, அருகிலுள்ள அரசுப் பள்ளியில் பெயர் சேர்க்க வேண்டும். சேர்த்துவிட்டு வட்டார வள மையத்தில் வீட்டுவழிப் பயிற்சி கேளுங்கள். சிறப்பாசிரியரும் இயன்முறை மருத்துவரும் வீட்டுக்கு வருவார்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, சதவீதம் எழுதிய மருத்துவச் சான்றிதழ், ஆதார், அவன் பெயரில் வங்கிக் கணக்கு இவை தயாராக இருக்கட்டும். பெயர் பள்ளிப் பதிவில் இருப்பதால் உதவித்தொகை, உபகரணம் எல்லாம் அந்த வழியாகவே வரும்.

தேர்வுத்தாள்:

பொருநைவாசி, திரும்பிப் பள்ளிக்குப் போகும் வழியையும் தெரிந்துகொள்ளுங்கள், பெரும்பாலானவர்களுக்கு ஒரு கட்டத்தில் அது தேவைப்படுகிறது. 14 வயதுக்குள் எப்போது வேண்டுமானாலும் வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேரலாம் என்கிறது பிரிவு 4. கல்வியாண்டு நடுவில் வந்தாலும் மறுக்கக் கூடாது என்கிறது பிரிவு 15. அரசுப் பள்ளியில் இது சிரமமின்றி நடக்கும். பழைய எமிஸ் எண்ணைச் சொல்லுங்கள், காமன் பூலிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். எண் தெரியாமல் புது எண் போட்டுவிட்டால் ஒரே பிள்ளைக்கு இரண்டு பதிவு ஆகி, பொதுத்தேர்வுப் பெயர்ப்பட்டியல் சமயத்தில் தலைவலி. ஒன்பதாம் வகுப்பிலிருந்து இந்தச் சட்டத்தின் பாதுகாப்பு இல்லை. அதனால் மகள் 14 தாண்டுவதற்குள் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வை எழுதவைத்துவிடுங்கள். அது கையில் இருந்தால் அரசு வழி, என்.ஐ.ஓ.எஸ்., ஒன்பதாம் வகுப்புச் சேர்க்கை மூன்றுமே திறந்திருக்கும். அவளுக்கு 12½ நிறையும் மாதத்தை இன்றே குறித்துவைத்துக்கொண்டு, அதற்கு அடுத்து வரும் அறிவிப்பில் விண்ணப்பியுங்கள்.